கினோவா: இழிவும் விலையும்

(மாணவர் படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கினோவா பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "அது உடம்பு இளைக்கிறதுக்குப் பணக்காரங்க திங்கிற தானியமாச்சே, அதுல நமக்கு என்ன அரசியல் இருக்கு?" என்று கேட்டார்கள். இருக்கிறது. ஒரு காலத்தில் எந்தத் தானியத்தைத் தின்கிறார்கள் என்று சொல்லி ஒரு மக்கள்கூட்டத்தையே கேவலமாகப் பேசினார்களோ, அதே தானியத்தை இன்றைக்கு நியூயார்க்கிலும் லண்டனிலும் தேடிப்பிடித்து வாங்கித் தின்கிறார்கள். தானியத்துக்கு மரியாதை வந்துவிட்டது. அப்படியானால் அதை விளைவித்தவர்களுக்கு என்ன வந்தது? இதுதான் இன்றைக்கு நாம் கேட்கவேண்டிய கேள்வி. என்ன தின்கிறான் என்பதை வைத்து மனுசனைத் தரம் பிரிக்கிற நாட்டில் இருக்கிற நமக்கு இந்தக் கேள்வி அந்நியமானது இல்லை.

கினோவாவைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. முதல் கதை: "நீங்கள் கினோவா வாங்கினால் மலைமேல் இருக்கிற ஏழை விவசாயி வாழ்வான்." இது விற்கிறவர்கள் சொன்ன கதை. இரண்டாவது கதை 2010க்குப் பிறகு கிளம்பியது: "நீங்கள் கினோவா தின்பதால் விலை ஏறிப்போச்சு, அதை விளைவித்த ஏழைக்கே தின்னக் கிடைக்கவில்லை, அவன் நூடுல்ஸ் தின்கிறான்." இது மேலைநாட்டுப் பத்திரிகைகள் சொன்ன கதை. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும். ஆனால் இரண்டிலும் நடுவில் உட்கார்ந்திருப்பவன் தின்கிறவன்தான். அவன் வாங்கினால் ஏழை வாழ்வான், அவன் வாங்கினால் ஏழை சாவான். விளைவித்தவர்கள் இரண்டு கதையிலும் வாய் திறப்பதே இல்லை. நாம் அவர்கள் பக்கம் நின்று பார்ப்போம்.

முதலில் இது என்ன பயிர் என்று தெரிந்துகொள்வோம். தமிழில் சிலர் 'சீமைத்தினை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இது தினையும் இல்லை, புல் வகைத் தானியமும் இல்லை. நம்ம தண்டுக்கீரை, முளைக்கீரைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதன் விதையைத்தான் சோறுபோல வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். தென்அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைத்தொடரில், டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தில், பல ஆயிரம் ஆண்டுகளாக அய்மாரா, கெச்சுவா மக்கள் பயிரிட்டு வந்தது. இன்றைக்கு அந்த நிலம் பொலிவியா, பெரு என்ற நாடுகளில் இருக்கிறது. குறிப்பாக, பொலிவியாவின் தெற்கு மேட்டுநிலம். உயூனி என்கிற மிகப்பெரிய உப்புப் பாலைவனத்தைச் சுற்றிய பகுதி. கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேலே. நம்ம ஊட்டியைப்போல ஒண்ணரை மடங்கு உயரம். ராத்திரியில் உறைபனி, மழை ரொம்பக் குறைவு, மண்ணில் உப்பு. நெல்லோ கோதுமையோ மக்காச்சோளமோ அங்கே நிற்காது. கினோவா நிற்கும். அதனால்தான் அந்த மக்களும் அங்கே நிற்கமுடிந்தது.

இந்த விதையின்மேல் ஒரு கசப்புப் பூச்சு உண்டு. தண்ணீரில் போட்டால் சோப்புபோல நுரைக்கும். பறவைகள் தின்னாமல் காப்பாற்றுகிறதும் இதுதான். ஆனால் மனுசன் தின்ன வேண்டுமென்றால் இந்தக் கசப்பைப் போக்க வேண்டும். விதையை வறுத்து, குழிவான கல்லில் போட்டு, காலால் மிதித்துத் தேய்த்து, புடைத்து, திரும்பத்திரும்பத் தண்ணீரில் அலச வேண்டும். தண்ணீரே அரிதான ஊர். இதைக் காலங்காலமாகச் செய்தவர்கள் பெண்கள். இந்த உழைப்பை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1532இல் ஸ்பானியர்கள் பெருவுக்கு வந்து இன்கா அரசைப் பிடித்தார்கள். கொலம்பஸ் வழிதெரியாமல் போய் வைத்த 'இந்தியோ' என்கிற பேரே அந்த மக்களுக்கு வசவாக மாறியது. கூடவே சாப்பாட்டிலும் தரம் பிரித்தார்கள். கோதுமை ரொட்டி எசமானன் சாப்பாடு. கோதுமைதான் தேவாலயத்தில் தெய்வத்தின் உடல். கினோவா? அது 'இந்தியோ' சாப்பாடு. கால்நடைக்கும் கோழிக்கும் போடுவது. இப்படி நானூறு ஆண்டுக்கு மேல் சொன்னார்கள். வெள்ளையர் ஆட்சி போய், 1825இல் பொலிவியா சுதந்திர நாடானது. ஆண்டவர்கள் மாறினார்களே தவிர, பார்வை மாறவில்லை. லா பாஸ் நகரத்து நடுத்தர வர்க்கம் தன் வீட்டில் கினோவா சமைப்பதை வெட்கமாக நினைத்தது.

சாப்பாட்டில் மட்டுமா? பொலிவியாவின் பண்ணைகளில் 'போங்கோ' என்று ஒரு முறை இருந்தது. 'புங்கு' என்றால் கெச்சுவா மொழியில் கதவு, வாசல். பண்ணை நிலத்தில் குடியிருக்கிற குடும்பத்து ஆள், முறை வைத்து, நகரத்தில் இருக்கிற ஆண்டை வீட்டுக்குப் போய்க் கூலி இல்லாமல் வேலை செய்யவேண்டும். படுக்கை வாசல்படியில். அதனால்தான் அந்தப் பேர். ஆண்டைக்கு வேலை இல்லையென்றால் இன்னொரு வீட்டுக்கு வாடகைக்கும் விடுவான். வாடகைப் பணம் ஆண்டைக்கு. இதை ஒழிப்பதாக 1945இல் ஆணை வந்தது, பண்ணையாளர்கள் மதிக்கவில்லை. 1952 புரட்சிக்குப் பிறகும், 1953 ஆகஸ்ட் 2இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்த பிறகும்தான் அது ஒழிந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கும், அதாவது பெரும்பாலான பூர்வகுடி மக்களுக்கு, 1952இல்தான் ஓட்டு கிடைத்தது.

கினோவா விளைகிற தெற்கு மேட்டுநிலத்தில் பெரும்பண்ணைகள் அதிகம் வரவில்லை. காரணம் என்ன? அந்த நிலம் அவனுக்குத் தேவைப்படவில்லை. உப்பும் பனியும் நிறைந்த நிலம், எடுத்துக்கோ என்று விட்டுவிட்டான். அங்கே 'அய்யு' என்கிற சமூக அமைப்பு நிலைத்தது. நிலம் ஊருக்குப் பொது. குடும்பத்துக்கு உழுது தின்ன உரிமை உண்டு, விற்க உரிமை இல்லை. 1874இல் இந்தப் பொதுநிலத்தைத் துண்டுபோட்டுத் தனிப்பட்டா ஆக்க பொலிவிய அரசு சட்டம் கொண்டுவந்தது. அய்மாரா மக்கள் பல இடங்களில் எதிர்த்து நின்றார்கள். 1899இல் சராத்தே வில்க்கா தலைமையில் பெரிய எழுச்சியே நடந்தது. இரத்தம் சிந்தித்தான் பல அய்யுகள் பிழைத்தன. ஆக, இன்றைக்கு ஏற்றுமதி ஆகிற கினோவாவுக்குப் பின்னால் மண்ணையும் மழையையும் மட்டும் பார்த்தால் போதாது. யாருக்கும் வேண்டாத நிலத்தில், பொதுவுடைமையை விட்டுக்கொடுக்காமல் நின்ற ஒரு மக்களின் போராட்டம் இருக்கிறது.

அந்த விவசாயம் எப்படி நடந்தது? மலைச்சரிவில் கினோவா. கீழே சமவெளியில் லாமா மேய்ச்சல். லாமா என்பது அங்கத்திய சுமைக்கால்நடை, ஒட்டகத்தின் சொந்தம். அதன் சாணம் வயலுக்கு எரு. ஒரு வயலில் ஒருமுறை விதைத்தால் பிறகு பல ஆண்டு தரிசாகப் போடுவார்கள், மண் ஈரத்தையும் சத்தையும் சேர்த்துக்கொள்ளும். எந்தச் சரிவில் இந்த ஆண்டு விதைப்பது, எதைத் தரிசு போடுவது என்பதை ஊர்கூடி முடிவு செய்யும். லாமா மேய்ப்பது பெரும்பாலும் பெண்கள், வயசானவர்கள். ஆக, லாமா இல்லாமல் கினோவா இல்லை, பொதுநிலம் இல்லாமல் லாமா இல்லை. இந்தச் சங்கிலியையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1954இல் அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. தன்னிடம் மிஞ்சிப்போன கோதுமையை ஏழை நாடுகளின் தலையில் கட்டுகிற திட்டம். 1950களிலும் 60களிலும் நம்ம நாட்டுக்குக் கப்பல் கப்பலாக வந்த கோதுமை அந்தத் திட்டத்தில் வந்ததுதான். பொலிவியாவுக்கும் வந்தது. மலிவு மாவு, மலிவு ரொட்டி, மலிவு நூடுல்ஸ். கினோவாவைக் கசப்பு போக நாள் கணக்கில் மிதித்து அலச வேண்டிய பெண்ணுக்கு, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெந்துவிடுகிற நூடுல்ஸ் எப்படித் தெரிந்திருக்கும்? மேலே சொன்னேனே இரண்டாவது கதை, ஏழை நூடுல்சுக்கு மாறிவிட்டான் என்று? அந்த மாற்றம் வெளிநாட்டான் கினோவாவை வாங்க ஆரம்பிப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவை உதவிக்கோதுமையும், 'இந்தியோ சாப்பாடு' என்கிற இழிவும். அப்போது இதைப்பற்றிக் கவலைப்பட்டு யாரும் தலையங்கம் எழுதவில்லை.

பிறகு இந்தத் தானியம் எப்படி வெளியே போனது? வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடித்தான் என்று எழுதுவார்கள். 1993இல் நாசா ஒரு அறிக்கையில், நீண்ட விண்வெளிப் பயணத்துக்குக் கினோவா நல்ல உணவு என்று எழுதியது. உடம்புக்குத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் அதில் இருக்கின்றன என்றது. ஆனால் அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1983இல், தெற்கு மேட்டுநிலத்து விவசாயிகள் 'அனாப்கி' என்ற பேரில் தேசிய அளவிலான கினோவா உற்பத்தியாளர் சங்கம் கட்டிவிட்டார்கள். வியாபாரி வந்து மாவுக்கும் சர்க்கரைக்கும் பண்டமாற்றாக மூட்டையை அள்ளிக்கொண்டு போன காலம் அது. அவனைத் தாண்டி நேராக விற்கவேண்டும், கசப்பு நீக்குகிற இயந்திரம் நம்ம கையிலேயே இருக்கவேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஐரோப்பா, அமெரிக்கா இயற்கை உணவுச் சந்தைக்கு அவர்களே வழி பிடித்தார்கள்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. 1994இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. கினோவாவில் ஆண்மலட்டுத்தன்மை கொண்ட ஒரு வகை, 'அபெலாவா' என்று பேர். ஒட்டுவிதை உண்டாக்க அது தேவை. டிட்டிகாக்கா ஏரிப்பக்கத்து ஊரின் பேரில் வழங்கிய வகை அது. அந்த வகையை வைத்து உண்டாக்குகிற ஒட்டுவிதை எல்லாம் தங்களுக்குச் சொந்தம் என்றது காப்புரிமை. அதாவது, பல நூறு தலைமுறைப் பெண்கள் பொறுக்கி, பிரித்து, சேமித்து வைத்த விதையின்மேல் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அனாப்கி விடவில்லை. வெளிநாட்டு விதையுரிமை இயக்கங்களோடு சேர்ந்து எதிர்ப்புக் கிளப்பியது. சங்கத்தின் பிரதிநிதிகள் 1997இல் நியூயார்க் வரைக்கும் போய் ஐ.நா. கூட்டத்தில் பேசினார்கள். 1998இல் அந்தக் காப்புரிமை கைவிடப்பட்டது. நம்ம மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, 1997இல் ரத்தானது நினைவிருக்கும். அங்கே வாதாடியது இந்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம். இங்கே முன்னால் நின்றது லாமா மேய்க்கிறவர்களின் சங்கம். இந்த வித்தியாசம் முக்கியம்.

இனி விலைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு வாக்கில் ஏற்றுமதி விலை கிலோ ஒரு டாலர் சொச்சம். 2008இல் அது இரண்டு மடங்கு. 2013ஐ ஐ.நா. 'சர்வதேசக் கினோவா ஆண்டு' என்று அறிவித்தது. அதைக் கேட்டு வாங்கியது பொலிவியா. அப்போதைய ஜனாதிபதி ஏவோ மொராலஸ் அய்மாரா இனத்தவர், சின்ன வயசில் லாமா மேய்த்தவர். 2006இல் பதவிக்கு வந்தவர், அந்த நாட்டின் முதல் பூர்வகுடி ஜனாதிபதி. அவர் ஐ.நா. மேடையில் நின்று தன் மக்களின் தானியத்தைப் பற்றிப் பேசியது சின்ன விஷயம் இல்லை. 2014 வாக்கில் விலை கிலோ 6 டாலரைத் தாண்டியது.

இதனால் நன்மை வந்ததா என்றால், வந்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மை இல்லை. தகரக்கூரை வீடு வந்தது, பிள்ளைகள் நகரத்துக்குப் படிக்கப் போனார்கள். சிலி சுரங்கத்துக்கும் அர்ஜென்டினா தோட்டத்துக்கும் கூலிக்குப் போனவர்கள் ஊர் திரும்பினார்கள். பெருவில் தேசியக் குடும்பக் கணக்கெடுப்பை வைத்து மார்க் பெல்மார் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். விலை ஏறிய காலத்தில் கினோவா பயிரிட்ட குடும்பங்களின் வாழ்க்கைத்தரம் கூடியது, பயிரிடாத குடும்பங்களும் அதனால் நொடித்துப்போகவில்லை என்று கண்டார்கள். விளைவிக்கிற குடும்பம் தன் சாப்பாட்டுக்கு எடுத்துவைத்துக்கொண்டு மீதியைத்தான் விற்கும். நகரத்து ஏழைக்கு விலை எட்டாமல் போனது உண்மை. அரிசியும் நூடுல்சும் அவனுக்குப் பல மடங்கு மலிவு. ஆனால் 'விளைவித்தவன் பட்டினி' என்று ஒரே வரியில் முடிக்கிற கதைக்கு ஆதாரம் இல்லை.

அந்தக் கதையின் உள்ளே இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. "மலைவாசி தன் பாரம்பரிய உணவை விட்டுவிட்டான், ஐயோ!" என்று அழுகிறவன் என்ன சொல்கிறான்? நான் பீட்சாவும் தின்பேன், கினோவாவும் தின்பேன். நீ மட்டும் உன் பாட்டன் தின்றதையே தின்றுகொண்டு, நான் வந்து போட்டோ எடுக்கிறமாதிரி அப்படியே இரு என்கிறான். ஒரு அய்மாரா பெண் தன் தானியத்தை நல்ல விலைக்கு விற்று, அந்தக் காசில் பிள்ளைக்குப் பழமும் கோழிக்கறியும் வாங்கினால் அதில் என்ன குற்றம்? எதைத் தின்பது என்று முடிவெடுக்கிற உரிமையும் விடுதலையில் ஒரு பகுதிதானே.

அப்படியென்றால் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. அது தட்டில் இல்லை, நிலத்தில் இருக்கிறது.

விலை ஏற ஏற, மலைச்சரிவு போதவில்லை. சமவெளிக்கு இறங்கினார்கள். சரிவில் கையால்தான் வேலை செய்யமுடியும், சமவெளியில் டிராக்டர் ஓடும். மேய்ச்சல் நிலத்தில் இருந்த புதரை வேரோடு பிடுங்கி, வட்டக்கலப்பை போட்டு உழுதார்கள். புதர் போனதும் மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. தரிசு போடுகிற காலம் குறைந்தது. மேய்ச்சல் போனதால் லாமாவை விற்றார்கள். லாமா போனதால் எரு போனது. எரு இல்லாமல், ஓய்வும் இல்லாமல் மண் சத்தைக் கொடுக்கவில்லை. விளைச்சல் குறைந்தது, பூச்சி கூடியது. விளைச்சல் குறைந்ததை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் நிலம் உழுதார்கள். மேலே சொன்ன சங்கிலி இப்படித்தான் கணுக்கணுவாக அறுந்தது.

இது எவ்வளவு பெரிய நாசம் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை. 2011இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஒருவர் இது சூழல் பேரழிவு என்று எழுதினார். மறு ஆண்டே அங்கே வேலை செய்த வேறு ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, தரவு போதாது, அந்த மக்களைக் குற்றவாளி ஆக்காதே என்று பதில் எழுதினார்கள். சண்டை நடக்கட்டும். நாம் கேட்கவேண்டியது, சமவெளியை உழுதது யார் என்பது.

பொதுநிலத்தில் ஒரு பழைய வழக்கம்: யார் முதலில் உழுது விதைக்கிறாரோ அவருக்கு அந்தத் துண்டில் அனுபவ உரிமை. கையால் உழுத காலத்தில் இது நியாயமான வழக்கம். ஒரு குடும்பத்தால் எவ்வளவு உழமுடியும்? டிராக்டர் வந்ததும் அதே வழக்கம் அநியாயமாக மாறிவிட்டது. யாரிடம் டிராக்டருக்குக் காசு இருக்கிறதோ அவருக்கு நிலம். யாரிடம் காசு இருந்தது? ஊரைவிட்டுப் போய் ஓருரோவிலும் எல் ஆல்ட்டோவிலும் தொழில் செய்து கொஞ்சம் சேர்த்தவர்களிடம். அவர்களும் ஊர்க்காரர்கள்தான், அவர்களுக்கும் உரிமை உண்டு. விதைப்புக்கு வருவார்கள், அறுப்புக்கு வருவார்கள், மிச்ச நாள் நகரத்தில். ஊரில் தங்கி லாமா மேய்த்துக்கொண்டிருந்த கிழவி, கைம்பெண், இவர்களின் மேய்ச்சல் நிலம் உழவாகிப்போனது. 2012இல் ஓருரோ, பொத்தோசி என்கிற இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருந்த ஊர்கள் கினோவா நிலத்துக்காக மோதிக்கொண்டன, பலர் காயம்பட்டார்கள். எசமானன் வேண்டாம் என்று விட்ட நிலத்துக்காக இப்போது சொந்தங்களே அடித்துக்கொள்ளும் நிலை.

கவனியுங்கள் தோழர்களே. வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து நிலத்தைப் பிடுங்கவில்லை. அய்யு அங்கேயே இருந்தது, பட்டா மாறவில்லை. ஆனால் பொது என்பதன் உள்ளே ஏற்றத்தாழ்வு புகுந்துவிட்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் என்று மொத்தமாகப் பேசுகிற நாம், அந்த மக்களுக்குள்ளே காசு வரும்போது யார் மேலே போகிறார்கள், யார் கீழே போகிறார்கள் என்று பார்க்கத் தவறக்கூடாது. அங்கே கீழே போனவர்களில் முதல் ஆள் ஒரு பெண்.

இத்தனைக்கும் பிறகு அந்த விலையாவது நின்றதா? இல்லை. விலை ஏறுவதைப் பார்த்துப் பெருவின் கடலோரப் பகுதியில், பாசன நிலத்தில், கினோவா போட ஆரம்பித்தார்கள். மேட்டுநிலத்தில் எக்டேருக்கு 500, 600 கிலோ கிடைத்தாலே பெரிது. கடலோரத்தில் உரமும் மருந்தும் போட்டு அதைப்போலப் பல மடங்கு எடுத்தார்கள். பெருவின் உற்பத்தி 2013இல் 52,000 டன் அளவில் இருந்தது, 2014இல் 1,14,000 டன்னைத் தாண்டியது. அந்த ஆண்டே பெரு பொலிவியாவை முந்தியது. பெருவுக்குள்ளேயே, காலங்காலமாக கினோவா விளைந்த பூனோ மலைப்பகுதியின் பங்கு மூன்றில் ஒன்று அளவுக்கு இறங்கியது. கடலோரக் கினோவாவில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறது என்று 2014இல் அமெரிக்கா பல சரக்குகளைத் திருப்பி அனுப்பியது. கெட்ட பேர் மட்டும் மருந்தே அடிக்காத மலைவிவசாயிக்கும் சேர்த்து.

சரக்கு குவிந்ததும் விலை சரிந்தது. 2016இல் கிலோ 2 டாலர் பக்கம் வந்துவிட்டது. பொலிவியா 2014இல் ஏறத்தாழ 29,000 டன் ஏற்றுமதி செய்து 20 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக வாங்கியது. 2016இல் ஏறக்குறைய அதே எடை போனது, பாதிப் பணம்கூட வரவில்லை. அதே வேர்வை, அதே மூட்டை. கடன் போட்டு டிராக்டர் வாங்கியவனுக்குத் தவணை குறையவில்லை. லாமாவை விற்றவளுக்கு லாமா திரும்ப வரவில்லை. ஊர் திரும்பியவர்களில் பலர் மறுபடி மூட்டைகட்டினார்கள். கினோவாவைக் கொண்டாடிய பத்திரிகைகள் அதற்குள் வேறு ஒரு 'அதிசய உணவு' பக்கம் போய்விட்டன.

இன்றைக்கு கினோவா பல நாடுகளில் விளைகிறது. ராஜஸ்தானிலும் ஆந்திராவிலும் போடுகிறார்கள். நம்ம ஊர் அங்காடியில் இருக்கிற பொட்டலம் பொலிவியாவில் விளைந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 2017இல் கினோவாவின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்து வெளியிட்டார்கள். கசப்பு இல்லாத வகை, வெப்பம் தாங்குகிற வகை எல்லாம் வரும். நல்லதுதான். பசிக்குப் பயிர் எங்கும் போகட்டும். ஆனால் அந்த விதையை உருவாக்கிக் கொடுத்தவர்களுக்கு அதிலிருந்து என்ன போகிறது என்ற கேள்விக்கு இதுவரை யாரும் நேர்மையான பதில் சொல்லவில்லை.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். தானியத்துக்கு மரியாதை வந்தபோது விளைவித்தவர்களுக்கு என்ன வந்தது? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சந்தை கொடுத்ததைச் சந்தையே இரண்டு ஆண்டில் திருப்பி எடுத்துக்கொண்டது. அவர்களிடம் மிஞ்சி நிற்பது எது? 1874 சட்டத்தை எதிர்த்து நின்று காப்பாற்றிய நிலம். 1952இல் வாங்கிய ஓட்டு. 1983இல் கட்டிய சங்கம், அதன் கையில் இருக்கிற கசப்பு நீக்கும் ஆலைகள். 1998இல் மீட்ட விதை. இவை எதையும் உலகம் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. விலை ஏறுவதற்கு முன்பே, யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்காத காலத்திலேயே, கூடிப் போராடி எடுத்தவை. விலை விழுந்தபோது ஓரளவு தாக்குப்பிடித்தவர்களும் சங்கமாக நின்றவர்கள், லாமாவை முழுசாக விற்காதவர்கள்.

நமக்கு இதில் வேலை இருக்கிறது. கினோவா ஆண்டுக்குப் பத்து ஆண்டு கழித்து, 2023ஐ, இந்திய அரசு கேட்டு வாங்கி, 'சர்வதேசச் சிறுதானிய ஆண்டு' என்று ஐ.நா. அறிவித்தது. கேப்பைக்களியும் கம்பங்கூழும் யார் சாப்பாடு என்று சொல்லி யாரைக் கேலி செய்தார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு அதே கேப்பை நட்சத்திர ஓட்டலில் தோசையாக வருகிறது, வரட்டும். 'நம்ம சாப்பாட்டுக்கு மவுசு வந்துட்டது' என்று கைதட்டுவதற்கு முன்னால், கினோவா சொல்லிக்கொடுக்கிற கேள்விகளைக் கேளுங்கள். அந்தக் கேப்பை விளைகிற நிலம் யார் பேரில் இருக்கிறது? அதில் களை எடுக்கிறவளுக்குக் கூலி ஏறியதா? விதை வீட்டில் இருக்கிறதா, பொட்டலத்தில் வருகிறதா? மாவாக்குகிற ஆலை யார் கையில்? ஆடு மேய்த்த புறம்போக்கு இன்னும் புறம்போக்காக இருக்கிறதா, அதை யாராவது உழுதுவிட்டார்களா? விலை விழுந்தால் யார் தலையில் விழும்?

மாணவர்கள் ஊருக்குப் போகிறபோது இந்த ஆறு கேள்வியையும் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்புகளை வைத்துப் பேசுவோம்.